வாரக் கணக்கு குறைந்தால் கொள்ளைநோய் அடங்குகிறது என்று நம்பலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: எபோலா மாதிரி உயிர்க்கொல்லி நோய் ஒன்று பரவும்போது ஒரு வாரம் 60 பேர், அடுத்த வாரம் 40 பேர் என்று செய்தி வருகிறது. இதை வைத்து நோய் அடங்குகிறது என்று நம்பலாமா? இறப்பு விகிதம் ஓர் இடத்தில் 40 சதவீதம், இன்னோர் இடத்தில் 70 சதவீதம் என்று ஏன் முன்னுக்குப் பின் முரணாக வருகிறது? கணக்கு எழுதுகிற அதிகாரிகளுக்காவது உண்மை தெரியுமா? மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றே. கண்ணில் பட்ட நோயாளிகளை வைத்து, படாதவர்களை எப்படி எடைபோடுவது? வெறும் எண்ணிக்கையை வைத்து முடியாது. ஆனால் இந்த வாரம் புதிதாக நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே கண்காணிப்புப் பட்டியலில் (முந்தைய நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களின் பட்டியலில்) இருந்தார்கள் என்பது தெரிந்தால் பெருமளவு சொல்லிவிடலாம். 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய எபோலாவை வைத்தே விளக்குகிறேன். எண்ணிக்கை எத்தனை விதமாக ஏமாற்றுமோ அத்தனை விதமாகவும் அங்கே ஏமாற்றியது. அவ்வளவும் பதிவாகியும் இருக்கிறது.

முதலில் அதன் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கினி நாட்டின் கெக்கெடு வட்டாரத்தில் மெலியாண்டு என்ற சிற்றூரில் 2013 டிசம்பரில் தொடங்கியது. எபோலா என்று உலகத்துக்குத் தெரிந்தது 2014 மார்ச் 23 அன்று. இடையில் கிட்டத்தட்ட மூன்று மாதம் யாரும் எண்ணவே இல்லை. பிறகு சியரா லியோன், லைபீரியா இரண்டுக்கும் பரவியது. உலக சுகாதார நிறுவனம் ஆகஸ்ட் 8 அன்று சர்வதேச அவசரநிலையை அறிவித்து, 2016 மார்ச் 29 அன்றுதான் விலக்கியது. மொத்தம் 28,600-க்கும் மேற்பட்ட நோயாளிகள், 11,300-க்கும் மேற்பட்ட இறப்புகள். இவை பதிவானவை மட்டுமே.

ஓர் எண் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். களத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி உண்டு. அடையாள எண், வயது, ஊர், அறிகுறி தொடங்கிய தேதி, தனிமைப்படுத்திய தேதி, ரத்தம் எடுத்த தேதி, ஆய்வு முடிவு, யாரிடமிருந்து தொற்றியிருக்கலாம், கடைசியில் பிழைத்தாரா இறந்தாரா. உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 1 காய்ச்சல் தொடங்குகிறது, 6-ஆம் தேதி சிகிச்சை மையத்துக்கு வருகிறார், 7 ரத்த மாதிரி, 9 பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் ஆய்வு) முடிவு, 11 தலைநகரக் கணினியில் ஏற்றம், 12 அறிக்கையில் வெளிவருகிறது. செய்தியைப் படிப்பவருக்கு அவர் 12-ஆம் தேதி நோயாளி. நோயின் போக்கைப் பார்ப்பவருக்கு அவர் 1-ஆம் தேதி நோயாளி. கற்பனை உதாரணம்தான் என்றாலும் இடைவெளிகள் கற்பனை இல்லை. அந்தப் பரவலின் முதல் ஒன்பது மாதத் தரவில் அறிகுறி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை சேர்வதற்கே சராசரி 5 நாள் ஆனது. ஆகவே பார்க்க வேண்டிய வரைபடம் அறிகுறி தொடங்கிய தேதிப்படி போட்டது. அறிக்கைத் தேதிப்படி போட்டதைப் பார்த்தால், வாரக்கடைசியில் ஆய்வுக்கூடம் மூடியிருந்தாலே நோய் இறங்கும், திங்களன்று மறுபடி ஏறும்.

அறிகுறித் தேதிப்படி போட்ட வரைபடத்திலும் ஒரு பொறி உண்டு. அதன் வலது ஓரம் எப்போதும் கீழ்நோக்கி இறங்கும், ஏனென்றால் போன வாரம் காய்ச்சல் வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் கணக்குக்குள் வந்தே சேரவில்லை. பரவல் உச்சத்தில் இருக்கும்போதுகூட கடைசி ஒன்றிரண்டு வாரம் அழகாக இறங்குவதுபோலத் தெரியும். எத்தனையோ நம்பிக்கையான தலைப்புச் செய்திகள் இந்த ஓரத்திலிருந்து பிறந்தவை. இதற்குப் பரிகாரம் எளிது. இரண்டு வாரத்துக்கு முந்தைய அறிக்கையை எடுத்து, அதில் அன்றைய கடைசி வாரத்துக்கு எத்தனை பேர் என்று போட்டிருந்தது, அதே வாரத்துக்கு இன்றைய அறிக்கை எத்தனை என்கிறது என்று ஒப்பிடுங்கள். அன்று 40, இன்று 70 என்றால், இன்றைய கடைசி வாரத்தையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். தாமதம் மாறாத வரைக்கும்தான் இது செல்லும். புது ஆய்வுக்கூடம் திறந்தாலோ இருப்பது நிரம்பி வழிந்தாலோ பெருக்குத்தொகை மாறிவிடும்.

அடுத்தது வகைப்பாடு. சந்தேகம், அநேகமாக, உறுதி என்று மூன்று படி உண்டு. காய்ச்சலும் அதற்கேற்ற அறிகுறிகளும் இருந்தால் சந்தேகம். ஆய்வு செய்ய வழியில்லாமல் இறந்துவிட்டார், ஆனால் உறுதியான நோயாளியோடு தொடர்பு இருந்தது என்றால் அநேகமாக. பிசிஆர் சொன்னால் உறுதி. மலேரியா ஆண்டு முழுக்க உள்ள நாட்டில் சந்தேகப் பட்டியல் ஊதிப்போகும். மறுபக்கம், அறிகுறி தொடங்கிய முதல் மூன்று நாளுக்குள் எடுத்த ரத்தத்தில் வைரஸ் போதிய அளவு இல்லாமல் முடிவு 'இல்லை' என்று வரலாம். அதனால்தான் அப்படிப்பட்டவருக்கு அறிகுறி தொடங்கி 72 மணி நேரம் கழிந்தபின் இரண்டாம் மாதிரி எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. செய்தியில் மொத்த எண்ணிக்கை நேற்றைவிட இன்று குறைந்திருந்தால் பதற வேண்டாம். யாரையும் மறைக்கவில்லை, சந்தேகப் பட்டியலில் இருந்த சிலர் ஆய்வுக்குப் பின் நீக்கப்பட்டிருப்பார்கள். மூன்று வகையையும் கூட்டிப்போட்ட ஒற்றை எண்ணை நான் கண்டுகொள்வதில்லை. வாராந்தர உறுதிக் கணக்கு மட்டும் தனியாகக் கிடைத்தால் அதைப் பார்ப்பேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எண்ணிக்கை நோயை அளப்பதை விட்டுவிட்டு, எண்ணுகிற அமைப்பின் கொள்ளளவை அளக்கத் தொடங்கும் தருணம் ஒன்று வரும். 2014 ஆகஸ்ட் 17 அன்று லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 120 படுக்கையோடு ஒரு சிகிச்சை மையத்தைத் திறந்தது. அது உடனே நிரம்பிவிட்டது. ஒரு கட்டத்தில் காலையில் அரை மணி நேரம் மட்டுமே வாசலைத் திறந்தார்கள். இரவில் இறந்தவர்களால் காலியான படுக்கைகளுக்கு மட்டும் ஆள் எடுத்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அப்படி ஓர் இடத்தில் தினசரிச் சேர்க்கை ஒரே அளவில் நின்றால் நோய் நிலைகொண்டது என்று எழுதுவது, வாளி கொண்ட அளவுதான் கிணற்றில் தண்ணீர் என்பதற்குச் சமம். திருப்பி அனுப்பப்பட்டவர் வீட்டுக்குப் போய்ப் படுத்தார், வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் நோயுற்றவர்கள் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் எண்ணில் தெரிவார்கள். கணக்கு சமதளமாகத் தெரிந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: காலிப் படுக்கை இருக்கிறதா?

இதற்கு எதிர்த்திசையில் ஏமாந்த கதையும் உண்டு. 2014 ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை கினியில் எண்ணிக்கை சரிந்தது. அடங்குகிறது என்ற நம்பிக்கை பலருக்கு வந்தது. அங்கே நடந்தது வேறு. மக்கள் பயந்து நோயாளிகளை மறைத்தார்கள், சில ஊர்கள் குழுக்களை உள்ளே விடவே இல்லை, எல்லைக்கு அப்பால் சியரா லியோனில் தேடிப்பார்க்க ஆளில்லை. மே கடைசியில் கைலாஹுன் மாவட்டத்தில் முதல் நோயாளிகள் உறுதியானபோது, ஒரு நாட்டு வைத்தியரின் இறுதிச் சடங்கில் தொடங்கிய தொற்றுச் சங்கிலிகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. தேடுவோர் குறைந்தாலும் எண்ணிக்கை இறங்கும், நோய் குறைந்தாலும் இறங்கும். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் கண்டுபிடித்த நல்ல உதாரணம் அதே ஆண்டு அக்டோபரில் லைபீரியாவில் கிடைத்தது. அங்கும் கணக்கு இறங்கியது. நிபுணர்கள் நம்பத் தயங்கினார்கள், தயங்கியதும் நியாயமே. தலைநகர் வட்டாரத்தில் எபோலாவால் இறந்தவர்களைத் தகனம் செய்ய ஆகஸ்டில் உத்தரவு போட்டிருந்தார்கள். புதைப்பதே வழக்கமான சமூகம் அது. ஆகவே பிணத்தை மறைத்து இரவோடு இரவாகப் புதைக்கிறார்களோ என்ற சந்தேகம் வலுவாக இருந்தது. அதனால் ஒன்றையொன்று சாராத மூன்று கணக்குகளை எடுத்தார்கள்: சிகிச்சை மையங்களில் காலிப் படுக்கை எத்தனை, அடக்கக் குழுக்கள் வாரத்துக்கு எத்தனை உடலை எடுக்கின்றன, ஆய்வுக்கூடத்தில் உறுதியாகிறவர்கள் எத்தனை பேர். மூன்றும் ஒரே திசையில் இறங்கின. அதன் பிறகே அக்டோபர் 29 அன்று உலக சுகாதார நிறுவனம், லைபீரியாவில் வேகம் குறைவதாகத் தெரிகிறது என்று எச்சரிக்கையோடு சொன்னது. நோயாளியை மறைக்கலாம், பிணத்தையும் மறைக்கலாம். ஆனால் மறைப்பு மட்டுமே காரணமாக இருந்து, உள்ளே நோய் ஏறிக்கொண்டிருந்தால், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று எங்காவது துருத்திக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

பிணக் கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வெளியில் யாரும் பேசுவதில்லை. சியரா லியோனில் 117 என்ற தொலைபேசி எண்ணுக்கு எல்லா இறப்பையும் தெரிவிக்க வேண்டும், எந்தக் காரணத்தால் இறந்தாலும் வாயில் துடைப்பு மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள் என்று ஏற்பாடு செய்தார்கள். இதை வைத்து ஒரு சரிபார்ப்புக் கணக்குப் போடலாம். ஒரு மாவட்டத்தில் 5 லட்சம் பேர், அந்த வட்டாரத்தின் வழக்கமான இறப்பு விகிதம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 6,000 இறப்பு, வாரத்துக்கு சுமார் 115. எபோலாவே இல்லாவிட்டாலும் இத்தனை அழைப்பு வந்தாக வேண்டும். வாரத்துக்கு 40-தான் வருகிறது என்றால் மூன்றில் இரண்டு பங்கு இறப்பு யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. அப்போது அந்த மாவட்டம் அனுப்பும் 'இந்த வாரம் எபோலா இல்லை' என்ற அறிக்கைக்கு மதிப்பு மிகக் குறைவு. தெரியப்படுத்தும் இறப்புகள் கூடிக்கொண்டு, அவற்றில் எபோலா உறுதியாவது குறைந்துகொண்டு வந்தால் அதுதான் உண்மையான நல்ல செய்தி.

இப்போது நான் முதலில் சொன்ன விகிதம். ஒரு நோயாளி கிடைத்ததும், அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து அவர் யாரோடெல்லாம் இருந்தார், யார் தொட்டார்கள், யார் துணி துவைத்தார்கள், எந்த ஆட்டோவில் வந்தார் என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொருவரையும் கடைசித் தொடர்பிலிருந்து 21 நாள் தினமும் நேரில் பார்த்து வெப்பநிலை எடுக்க வேண்டும். எபோலாவில் இது பலிப்பதற்குக் காரணம், அறிகுறி வரும் முன் ஒருவர் நோயைப் பரப்புவதில்லை. கொரோனாவில் அறிகுறிக்கு முன்பே நோய் பரவியதால்தான் இதே முறை திணறியது. நைஜீரியாவில் 2014 ஜூலை 20 அன்று லாகோஸ் விமான நிலையத்தில் ஒரே பயணி கொண்டுவந்த தொற்று 20 பேரோடு நின்றது. 8 பேர் இறந்தார்கள். அந்த 20 பேருக்கு எடுத்த தொடர்புப் பட்டியல் 894 பெயர். ஆளுக்கு 21 நாள் என்றால் 18,774 நேரடிச் சந்திப்பு வேண்டும். பதிவானது ஏறத்தாழ 18,500. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிற கணக்கு அபூர்வம். அக்டோபர் 20 அன்று நாடு விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

அறிக்கையில் நான் தேடும் வரி: புதிதாக உறுதியானவர்களில் தொடர்புப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தவர்கள் எத்தனை சதவீதம். 90 என்றால் தொற்றுச் சங்கிலிகள் கண்ணில் இருக்கின்றன. எண்ணிக்கை ஏறினாலும் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். 30 என்றால் பத்தில் ஏழு பேர் நமக்குத் தெரியாத ஒருவரிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள். எண்ணிக்கை இறங்கினாலும் அதை நம்ப மாட்டேன். கூடவே, ஊரில் இறந்தபின் தெரியவந்தவர்கள் எத்தனை, அறிகுறி தொடங்கியதிலிருந்து தனிமைப்படுத்தும் வரை எத்தனை நாள் என்ற இரண்டையும் பாருங்கள். இந்த விகிதத்தையும் போலியாக உயர்த்தலாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நோயுற்ற பிறகு பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, 'பட்டியலில் இருந்தவர்' என்று எழுதினால் போதும். பெயர் சேர்ந்த தேதி அறிகுறித் தேதிக்கு முந்தியதா என்று கேட்டால் வண்டவாளம் வெளியே வரும். ஒரு நோயாளிக்கு மூன்று நான்கு பெயர் மட்டும் வருகிறதென்றால் பேட்டி எடுத்தவர் அவசரப்பட்டிருக்கிறார், அல்லது குடும்பம் எதையோ மறைக்கிறது.

இறப்பு விகிதத்துக்கு வருவோம். இறந்தவர்களை மொத்த நோயாளிகளால் வகுப்பது பரவல் ஓடிக்கொண்டிருக்கும்போது தவறான விடை தரும். இன்று படுக்கையில் கிடப்பவர் வகுக்கும் எண்ணில் இருக்கிறார். அவர் இறப்பாரா பிழைப்பாரா என்று இன்னும் தெரியாது. 2014 செப்டம்பர் நடுவில் அப்படி வகுத்தபோது 38 சதவீதத்தை ஒட்டி வந்தது. முடிவு தெரிந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது 70.8. இரண்டும் ஒரே தரவு. நீங்கள் பார்த்த முரண்பாடு பெரும்பாலும் இதுதான். இரண்டாவது முறையும் குறையில்லாதது அல்ல. இறப்பவர் சேர்ந்த நாலைந்து நாளில் இறந்துவிடுகிறார், பிழைப்பவர் வீடு திரும்பப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. அதனால் பரவல் ஏறும் காலத்தில் இந்த முறை இறப்பைச் சற்று மிகைப்படுத்தும். எல்லாம் முடிந்தபின் பதிவேட்டை எடுத்து வகுத்தாலும் விசித்திரமாகத்தான் இருக்கிறது. கினியில் 3,811 பேரில் 2,543 இறப்பு, அதாவது 67 சதவீதம். லைபீரியாவில் 10,675 பேரில் 4,809, அதாவது 45. சியரா லியோனில் 14,124 பேரில் 3,956, வெறும் 28. வைரஸ் ஒன்றே. எல்லை தாண்டினால் அது இளகிவிடாது. எத்தனை சந்தேக நோயாளிகள் கணக்கில் ஒட்டிக்கொண்டார்கள், எத்தனை பேருடைய முடிவு எழுதப்படாமல் போனது என்பதில்தான் நாடுகள் வேறுபட்டன.

வேகத்தைக் கணக்கிட ஒரு சுருக்குவழி. எண்ணிக்கை இரட்டிப்பாக எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். ஒருவருக்கு அறிகுறி வந்ததிலிருந்து அவரிடமிருந்து தொற்றியவருக்கு அறிகுறி வரும் இடைவெளி எபோலாவில் சராசரி 15.3 நாள். இதை இரட்டிப்பு நாளால் வகுத்து, வருவதை 2-இன் அடுக்காகப் போட்டால் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பது கிடைக்கும். லைபீரியாவில் 2014 செப்டம்பரில் இரட்டிப்பு 23.6 நாள். விடை 1.57, முறையாகக் கணக்கிட்டவர்கள் சொன்னது 1.51. கினிக்கு 15.7 நாள், சுருக்குவழி 1.96 தருகிறது, முறையான கணக்கு 1.81. கொஞ்சம் மிகைப்படுத்தும், வேகம் கூடக்கூடப் பிழையும் கூடும். தாளில் போட இது போதும். அந்த எண் ஒன்றுக்குக் கீழே இரண்டு மூன்று தலைமுறை (மேலே சொன்ன 15 நாள் இடைவெளிதான் ஒரு தலைமுறை), அதாவது நாலு முதல் ஏழு வாரம் நின்றால்தான் இறக்கம் என்று பேசலாம்.

இதை எதிர்காலத்துக்கு நீட்டுவதில்தான் சறுக்கல். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே செப்டம்பரில், எதுவும் மாறாவிட்டால் 2015 ஜனவரி 20-க்குள் லைபீரியாவிலும் சியரா லியோனிலும் 5.5 லட்சம், பதிவாகாதவர்களையும் சேர்க்க 2.5-ஆல் பெருக்கினால் 14 லட்சம் என்று கணித்தது. பல மாதம் கழித்து மொத்தமே 29,000-ஐத் தொடவில்லை. கணிப்பு பொய்த்தது என்று எழுதியவர்கள் 'எதுவும் மாறாவிட்டால்' என்ற நிபந்தனையைப் படிக்கவில்லை. மாறியது நிறைய: படுக்கை வந்தது, அடக்கம் பாதுகாப்பானது, ஊர் மக்களே நோயாளியைத் தொடாமல் விலகக் கற்றுக்கொண்டார்கள். இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்றும் கருத்து ஒருமிக்கவில்லை. நாலு வாரத்துக்கு மேற்பட்ட எந்தக் கணிப்பையும் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள், நாள்காட்டியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வைரஸின் மரபணு வரிசையைப் படித்தாலே யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று தெரிந்துவிடும் என்று சிலர் மிகையாக நம்புகிறார்கள். சியரா லியோனின் கெனிமா மருத்துவமனையில் 78 நோயாளிகளிடமிருந்து எடுத்த 99 மரபணு வரிசைகள், பரவல் முழுவதும் விலங்கிலிருந்து மனிதனுக்கு ஒரே ஒருமுறை தாவியதிலிருந்து வந்தது என்று காட்டின. அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் எபோலா வைரஸின் மரபணு சுமார் 19,000 எழுத்து. பரவலில் ஆண்டுக்கு இருபத்துச் சொச்சம் எழுத்துதான் மாறியது, அதாவது ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒன்று. ஆகவே அடுத்தடுத்த இருவர் வரிசை அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கலாம். இன்னாரிடமிருந்து தொற்றவில்லை என்று அது உறுதியாகச் சொல்லும். இன்னாரிடமிருந்துதான் தொற்றியது என்று சொல்ல வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டு எழுதிய குறிப்புதான் வேண்டும்.

கடைசியாக, முடிந்தது என்று எப்போது சொல்வது. தொற்றியவர்களில் 100-க்கு 95 பேருக்கு 21 நாளுக்குள் அறிகுறி வந்துவிடும். அதன் இரு மடங்கு, 42 நாள், புதிய நோயாளி இல்லாமல் கடக்க வேண்டும். கடைசி நோயாளிக்கு இரண்டாவது முறை வைரஸ் இல்லை என்று முடிவு வந்த நாளிலிருந்தோ அவர் உடல் பாதுகாப்பாக அடக்கமான நாளிலிருந்தோ எண்ணுவார்கள். பிறகு 90 நாள் தீவிரக் கண்காணிப்பு. அந்த 90 நாள் வெறும் சடங்கு இல்லை. பிழைத்தவர்களின் விந்தில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கி, அபூர்வமாக மறுபடி தொற்ற வைக்கும். லைபீரியா 2015 மே 9 அன்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஜூன் கடைசியில் மார்கிபி வட்டாரத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். எபோலா என்று யாரும் நினைக்கவில்லை. இறந்தவர்கள் வாயில் துடைப்பு மாதிரி எடுக்கும் வழக்கத்தை அறிவிப்புக்குப் பிறகும் நிறுத்தாமல் வைத்திருந்ததால்தான் அது தெரியவந்தது. அந்நாடு 42 நாளை அதற்குப் பிறகு மூன்று முறை முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. 2016 ஜூன் 9 வரை அது இழுத்தது.